ரிச்சி தெருவில் ஒரு கேமிங் கணினி

ரிச்சி தெருவில் எந்தக் கணினிக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" நான் போய் உட்கார்ந்திருந்த மாடிக் கடையில் அது இரண்டாவது கேள்வி. "வீட்டுல என்ன மானிட்டர் இருக்கு?" என்றுதான் அங்கே வேலை செய்யும் அசெம்பிளர் பேச்சை ஆரம்பிப்பார். புதுக் கணினி வாங்க வந்தவனிடம் பழைய மானிட்டரைப் பற்றி என்ன விசாரணை என்று பலருக்கு முகம் மாறும்.

அவர் கேட்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே திரை 83 லட்சத்தைத் தொட்டுவிடும். கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனையையும் கிராஃபிக்ஸ் கார்டு புதிதாக வரைய வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஈடுகொடுக்க, ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 7 மில்லி விநாடிக்கும் குறைவு. அதே சமயம் 60 ஹெர்ட்ஸ் பழைய மானிட்டரை வைத்துக்கொண்டு விநாடிக்கு 200 ஃபிரேம் தரும் கார்டை வாங்குகிறவர், காசு கொடுத்த ஃபிரேம்களில் பெரும்பகுதியைக் கண்ணால் பார்க்கவே போவதில்லை. எந்தக் கார்டு, எந்த பிராசசர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு.

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் இந்தச் சந்தை. பெயர் ஒரு தெருவுக்கு என்றாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் எல்லோரும் ரிச்சி தெரு என்கிறார்கள். தரைத் தளத்தில் சார்ஜர், சிசிடிவி, மொபைல் கவர். கேமிங் சமாச்சாரமெல்லாம் பெரும்பாலும் மாடியில். படியேறும் வழியிலேயே காலி அட்டைப்பெட்டிகள் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். கடையின் முன்பகுதி கண்ணாடி அலமாரிக்கும் வண்ண விளக்குகளுக்கும். பின்பகுதியில் ரப்பர் பாய் விரித்த ஒரு மேசை, மேலே ஒரு டியூப்லைட். அதுதான் அவருடைய இடம். ஐ.டி.ஐ. முடித்து, பிரின்டர் சர்வீஸில் தொடங்கி இங்கே வந்தவர். பெயர் போடலாமா என்று கேட்டேன். "வேணாம் சார், என் பேரைப் போட்டு ஓனர் பேரை விட்டுட்டீங்கன்னா எனக்குத்தான் வம்பு" என்றார்.

ஒரு மதியம் செங்கல்பட்டிலிருந்து அப்பாவும் பிள்ளையும் வந்தார்கள். பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். மொபைலில் ஒரு பட்டியல். ரைசன் 7 பிராசசர், 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர், மூன்று பக்கம் கண்ணாடி போட்ட கேபினட், ஏழு ஆர்.ஜி.பி. ஃபேன். பட்டியலின் கடைசியில், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று மட்டும், கம்பெனி பெயர்கூட இல்லாமல். மொத்த பட்ஜெட் ஒரு லட்சம்.

"என்ன கேம் ஆடுவீங்க தம்பி?"

"மெயினா வேலரன்ட்தான்ணா. அப்புறம் வூகாங் ஆடணும்."

"மானிட்டர்?"

"1080பி, 144 ஹெர்ட்ஸ். கஸின் குடுத்தான்."

இரண்டு கேமும் இரண்டு திசையில் இழுப்பவை. வேலரன்டில் படம் எளிமையானது, அங்கே ஃபிரேம் எண்ணிக்கையை நிர்ணயிப்பது பிராசசர். பிளாக் மித்: வூகாங் 2024-இல் வந்தது, அது கிராஃபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். அசெம்பிளர் பேனாவை எடுத்தார். ரைசன் 7 போய், ஆறு கோர் உள்ள ரைசன் 5 7600 வந்தது. லிக்விட் கூலர் மேல் ஒரு கோடு. "65 வாட் பிராசசருக்கு இதெல்லாம் டூ-வீலருக்கு லாரி ரேடியேட்டர் மாட்டுற மாதிரி. பெட்டிக்குள்ளயே ஒரு கூலர் வருது, அதே போதும்." ஏழு ஃபேன் மூன்றானது. அதில் மிச்சமானதைக் கொண்டுபோய் 8 ஜிபி உள்ள ஆர்.டி.எக்ஸ். 5060 கிராஃபிக்ஸ் கார்டில் வைத்தார். பையனின் முகம் வாடியது, பட்டியலிலிருந்த வெளிச்சமெல்லாம் போய்விட்டதே!

அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார். "தம்பி, இதுல படிப்பு வேலையும் ஆகும்ல?"

"ஆகும் சார். கேட் டிராயிங், கோடிங் எல்லாம் ஜோரா ஓடும். உக்காந்து படிக்க வைக்கிற பார்ட் மட்டும் எங்ககிட்ட ஸ்டாக் இல்ல."

ராமில்தான் இழுபறி. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையெல்லாம் அள்ளிக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து ராம் விலை நிற்கவில்லை. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் குரூஷியல் என்ற தன் சில்லறை பிராண்டையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. கொட்டேஷன் தாளில் ராம் விலைக்குப் பக்கத்தில் "இன்று மட்டும்" என்று எழுதித் தருகிறார்கள். 32 ஜிபி கைக்கு எட்டவில்லை. 8 ஜிபி இரண்டு போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையிலும், வேகமாக ஓடும். ஆனால் நாளைக்குக் கூட்ட நினைத்தால் சிக்கல். இந்த வகை போர்டில் நான்கு டி.டி.ஆர்.5 ராம் செருகினால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும். 16 ஜிபி ஒன்றாகப் போட்டால் பின்னால் ஜோடி சேர்க்கலாம். அதுவரை பாதிப் பாதையில்தான் ஓட்டம். கடையிலேயே இதில் இரண்டு கட்சி. அசெம்பிளர் இரண்டையும் சொல்லிவிட்டு முடிவைப் பையனிடம் விட்டார். அவன் ஒற்றை 16-ஐ எடுத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

கடைசி வரிக்கு வந்தார்கள். கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்.எம்.பி.எஸ். போதும், அதில் மூவாயிரம் மிச்சம் என்றான் பையன். அசெம்பிளர் பதில் சொல்லவில்லை. மேசைக்கு அடியிலிருந்து செத்துப்போன ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து அவன் கையில் கொடுத்தார். தூக்கினால் காலி டப்பா போல எடையே இல்லை. மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். "அது ஸ்டிக்கர். கீழ சின்ன எழுத்துல டேபிள் இருக்கு பாருங்க. 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்ப்ஸ்?" பையன் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தான். 16. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது இந்த ஒரு லைனிலிருந்துதான். கார்டு 145 வாட், பிராசசர் முழு வேகத்தில் 88. இரண்டும் சேர்ந்தாலே 233. மீதி வாட் எல்லாம் இன்றைய கணினி அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் லைன்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியது.

அந்தச் செத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றால் அளவு மீறும்போது தானாக அணைந்துவிடும். அந்தப் பாதுகாப்பு இல்லாதது போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் இது அடிக்கடி நடப்பதாக அவர் சொன்னார். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரையைக் காட்டி "இது சேஃப்டி சர்டிஃபிகேட்" என்று விற்கிறவர்களும் அந்தத் தெருவில் உண்டு. அது உண்மை இல்லை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை. பார்க்க வேண்டியவை 12 வோல்ட் ஆம்பியரும், அட்டையில் போட்டிருக்கும் பாதுகாப்பு வசதிகளும், வாரன்டி ஆண்டுகளும். பில்லில் 550 வாட் ஏறியது. கண்ணாடிக் கேபினட் இறங்கி, முன்பக்கம் வலைபோட்டது வந்தது. எந்த ஃபேனும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. மே மாதச் செங்கல்பட்டில் முன்பக்கத்தை அடைத்துவிட்டு உள்ளே எத்தனை ஃபேன் சுற்றினாலும் சுற்றுவது அதே சூட்டுக் காற்றுதான்.

பிறகு பின் மேசையில் வேலை தொடங்கியது. முதலில் கேபினட்டின் இரும்பை ஒரு தொடு தொட்டார். உடம்பில் இருக்கும் ஸ்டேடிக் இறங்க. ஏ.எம்.5 சாக்கெட்டில் 1718 பின்களும் போர்டிலேயே இருக்கின்றன, முடியை விட மெல்லியவை போலத் தெரிந்தன. ஒன்று வளைந்தாலும் போர்டு வாரன்டி போச்சு. லீவரைத் தூக்கி, பிராசசரை இரண்டு ஓரத்திலும் விரலால் பிடித்து, மூலையிலிருந்த தங்க முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். அழுத்தவே இல்லை, தன் எடையில் அதுவாக உட்கார்ந்தது. லீவரை இறக்கும்போது மட்டும் நெரிபடுவதுபோல ஒரு சத்தம். அப்பா பதறிவிட்டார். "அப்படித்தான் சார் வரும்" என்று சொல்லிக்கொண்டே, தெறித்து வெளியே வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பொறுக்கி போர்டின் பெட்டிக்குள் போட்டார். போர்டை வாரன்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி இல்லையென்றால் வாங்கமாட்டார்கள்.

கூலரின் அடியில் தெர்மல் பேஸ்ட் கம்பெனியிலேயே தடவி வந்திருந்தது. நான்கு ஸ்குரூவையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரே பக்கம் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். பேச்சு முழுக்க நின்றுபோனது பவர் பட்டன், ரீசெட், எல்.இ.டி. ஒயர்களைப் போர்டின் ஓரத்திலிருக்கும் ஊசிகளில் செருகியபோதுதான். அவ்வளவு சின்னவை. எழுத்தைப் படிக்க மொபைல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டார்.

டிஸ்பிளே வந்ததும் எல்லோரும் கிளம்ப எழுந்தார்கள், அவர் எழவில்லை. பயாஸுக்குள் போய் ராமின் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்தார். செய்யாவிட்டால் 6000 என்று விலை கொடுத்து வாங்கிய ராம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் மானிட்டரை 144-க்கு மாற்றச் சொல்லிக் கொடுத்தார். எச்.டி.எம்.ஐ. கேபிளை எங்கே செருக வேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டின் மேலேயே ஒரு டேப்பை ஒட்டி அம்புக்குறி போட்டார். வீட்டுக்குப் போய்ப் பழக்க தோஷத்தில் மதர்போர்டு துளையில் செருகிவிடுவார்களாம். இந்த பிராசசரிலும் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் இருப்பதால் படம் வந்துவிடும், கேம் மட்டும் திக்கித் திணறும். "ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும் சார், ஏமாத்திட்டீங்கன்னு."

பில் போடும் நேரம் வந்தது. பையன் மொபைலில் ஆன்லைன் விலையைக் காட்டினான், ஓனர் கிராஃபிக்ஸ் கார்டில் கொஞ்சம் குறைத்தார். ஜி.எஸ்.டி. இல்லாமல் போட முடியுமா என்று அப்பா கேட்டார். "18 சதவீதம் மிச்சம்னு பார்க்காதீங்க, பில் இல்லாம வாரன்டிக்கு எங்க போய் நிப்பீங்க?" என்றார் ஓனர். பிறகு அப்பாவின் விரல் கடைசி வரிக்குப் போனது. அசெம்பிள் சார்ஜ். "பார்ட்ஸ் எல்லாம் உங்ககிட்டதானே எடுத்தோம், இதை எடுத்துடுங்களேன்." ஓனர் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். அசெம்பிளர் கேபிள் டை துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தெருவில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பாகம் வாங்கினால் கூலி இலவசம். கடைகளே போட்டிக்காகப் பழக்கிவிட்ட வழக்கம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அன்று அந்தப் பையனின் ஒரு லட்சம் வீணாகாமல் போனது எந்தப் பெட்டியில் இருந்த பொருளாலும் இல்லை. நீங்களும் கேமிங் கணினி வாங்கப் போனால் கார்டின் விலையில் பேசுங்கள், கேபினட் விலையில் பேசுங்கள், எத்தனை கடை வேண்டுமானாலும் ஏறி இறங்குங்கள். அசெம்பிள் சார்ஜ் என்ற அந்த வரியை மட்டும் அடிக்கச் சொல்லாதீர்கள். முடிந்தால் அதை அசெம்பிளர் கையிலேயே கொடுங்கள்.