செங்கம் கணவாயும் காவல் நின்ற கற்களும்

காஞ்சியை அடுத்த ஓரிக்கையில் பாலாற்றுப் பாலத்தின்மேல் நின்று நோக்குபவனுக்கு மணலும் வயலும் பனையும் தவிர, மலையென்று சொல்லத்தக்கது ஒன்றும் அருகிற் காணப்படுவதில்லை. காஞ்சியை விட்டுப் புறப்பட்ட திருமழிசையாழ்வாரின் பின்னே, பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு நடந்த பெருமாளும் ஓரிரவு இவ்விடத்திலேயே தங்கி மறுநாள் திரும்பிவிட்டார் என்பது ஸ்தல ஐதிகம். ஆகையால் இவ்வூராருக்கு வெளியூர்ப் பயணம் என்பது ஆதியிலிருந்தே அத்தனை தூரத்தது அன்று என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் இந்தச் சமவெளியின் சுகதுக்கங்களில் பெரும்பகுதி, மேற்கே கண்ணுக்கு எட்டாத தொலைவில், ஒரு மலையிடுக்கிலே நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த இடுக்குக்குச் செங்கம் கணவாய் என்று பெயர்.

அங்கே போவதற்குச் சைக்கிளே தகுந்த வாகனம் என்பது என் அபிப்பிராயம். பஸ்ஸில் போகிறவனுக்குக் கணவாய் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கால் மிதிக்கிறவனுக்கோ நிலம் எங்கே மெல்ல உயரத் தொடங்குகிறது என்பதைத் தொடைநரம்பே சொல்லிவிடும். போகும் வழியைப் பற்றியும் அதிகம் யோசிக்கவேண்டியதில்லை. உத்திரமேரூர்ச் சீமையில் பாலாறும் வேகவதியும் சேயாறும் ஒன்றுகூடுகிற திருமுக்கூடலை அடைந்து, வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையை வருணிக்கும் அந்தப் பெருமாள் கோயிலில் சற்று இளைப்பாறி, பிறகு சேயாறு வந்த திசையை நோக்கித் திரும்பினால் போதும். திருவத்திபுரம் என்னும் செய்யாறு நகரையும், அதற்கப்பால் எண்ணற்ற ஏரிக்கரைகளையும் கடந்து, அந்த ஆறே நம்மைச் செங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஜவ்வாது மலையிற் பிறந்து, செங்கத்தின் அருகே சமவெளியில் இறங்குவது அந்த நதி. இப்போது அதன் மேற்பகுதியில் குப்பநத்தம் அணை நிற்கிறது. வருஷத்தின் பெரும்பகுதி அதில் மணலே ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

இந்த மார்க்கத்தை நான் கண்டுபிடித்ததாக யாரும் எண்ணவேண்டாம். பத்துப்பாட்டில் கடைசியாக நிற்கும் மலைபடுகடாம், சேயாற்றின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டு நடங்கள் என்று கூத்தருக்கு வழி சொல்லியிருக்கிறது. பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகள், செங்கண்மா என்று அக்காலத்தில் வழங்கிய செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட ஒருவன், எதிர்ப்பட்ட வறிய கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியின் நெளிவுசுளிவுகளை எடுத்துரைப்பதாக அமைந்தவை. வள்ளலைப் புகழ்வதே நூலின் நோக்கம் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மலையேறிப் பழகினவன் அதை வாசித்தால், அனுபவசாலி ஒருவன் தன் பின்னால் வருகிறவர்களின் உயிருக்குப் பயந்து சொன்ன எச்சரிக்கைகளையே அதில் முதலிற் காண்பான். தினைப்புனத்தருகே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்தபின் நடங்கள். பரண்மேல் இருக்கும் கானவர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள். பாசி படர்ந்த பாறை வழுக்கும், கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறான். பாதை பிரியுமிடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வரும் புதியவர்கள் திகைக்காதிருப்பார்கள் என்ற வார்த்தையை மட்டும் நான் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டதுண்டு. இன்று மலைப்பாதைகளில் அம்புக்குறி வரைகிறவர்கள் அந்தப் புல்முடியின் வாரிசுகள் அல்லவா?

அதே நூலில் நன்னனுடைய மலையாக வரும் நவிரம், இந்நாளைய பருவதமலைதான் என்பர். அதன்மேல் ஏறுவது இன்றைக்கும் லேசான காரியம் அன்று. அடிவாரத்துப் படிகள் முடிந்து காட்டுவழியும் கடந்தபின், பாறையில் அறைந்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பற்றிக்கொண்டு, கீழே பார்க்கலாகாது என்ற சங்கல்பத்துடன் ஏறவேண்டிய இடமும் உண்டு. உச்சியில் மல்லிகார்ஜுனர் சந்நிதி. பக்தர்கள் பௌர்ணமியில் ஏறுகிறார்கள். பக்தியைக் காட்டிலும் காற்றை நம்பி ஏறுகிற என்போன்றவர்களுக்கு மார்கழி, தை மாதத்து விடியற்காலை உத்தமம்.

கணவாயோ இதற்கு நேர்மாறானது. கணவாய் என்ற மாத்திரத்தில் செங்குத்தான பாறைகளையும் தலைசுற்றும் கொண்டைஊசி வளைவுகளையும் எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாந்துபோவான். வடக்கே ஜவ்வாது மலையும் தெற்கே கல்வராயன் மலைத்தொடரும் ஒன்றையொன்று அணுகிவந்து, கடைசி நேரத்தில் மனம் மாறி ஒதுங்கிக்கொண்டாற்போல் விட்டுவைத்த அகலமான இடைவெளி அது. திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாகச் சிங்காரப்பேட்டைக்கும் ஊத்தங்கரைக்கும் செல்லும் ராஜபாட்டையில் ஏற்றம் மெல்லியது. மூச்சு வாங்குமே தவிர, இறங்கித் தள்ளவேண்டிய நிர்ப்பந்தம் நேராது. இந்தச் சுலபமே அதன் சரித்திரத்துக்குக் காரணம். பீரங்கியை இழுக்கும் மாடு ஏறத்தக்க வழி எதுவோ அதுவே படையெடுப்பவனுக்கு வாசல். மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாராமகாலில் இறங்கி, அங்கிருந்து கர்நாடகச் சமவெளியில் பாய விரும்பிய ஒவ்வொருவனுக்கும் செங்கம் திறந்த கதவாக இருந்தது.

1767 செப்டம்பரில், ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து துரத்திவர, கும்பினிப் படையுடன் கர்னல் ஸ்மித் திருவண்ணாமலையை நோக்கிப் பின்வாங்கியது இந்த வழியாகத்தான். 3-ஆம் தேதி செங்கத்தின் அருகே நிகழ்ந்த சண்டையில் அவர் தப்பிப் பிழைத்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1780 ஜூலையில், ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் கொண்ட சேனையுடன் ஹைதர் இறங்கியதும் இதே வழிதான். அதன் பலனை அனுபவித்தது காஞ்சி மண்டலம். அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிக்கு வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை நிர்மூலமாக்கப்பட்டது. காஞ்சியிலே பெரும்படையுடன் இருந்தும் உரிய சமயத்தில் உதவிக்குப் போய்ச் சேராத ஸர் ஹெக்டர் மன்றோ, கனத்த பீரங்கிகளைக் கோயில் திருக்குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார். மறுவருஷம் அதே புள்ளலூரில் மீண்டும் ஒரு போர். அதில் மாண்ட இரண்டு ஆங்கில அதிகாரிகளின் நினைவுத்தூண்கள் வயல்களுக்கிடையே இன்றும் கூர்முனையுடன் நிற்கின்றன. முதற்போரில் வென்றவர்களின் பெருமையோ ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவர்ச்சித்திரமாக இருக்கிறது. கணவாயில் மட்டும், அவ்வழியே கடந்துபோன அத்தனை சேனைகளும் சேர்ந்து ஒரு கல்லைக்கூட விட்டுச்செல்லவில்லை.

அங்கே கல் நாட்டப்பட்டவர்கள் வேறு மனிதர்கள். செங்கம் வட்டாரத்தின் புன்செய்களிலும் ஏரிக்கரைகளிலும் புளியமரத்தடிகளிலும் நடுகற்கள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறையார் ஊரூராக அலைந்து அவற்றைப் படியெடுத்தனர், இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் வெளிவந்த ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதி அந்த உழைப்பின் விளைவு. ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளுமாக, உடம்பில் தைத்த அம்புகளுடன் பாய்ந்து நிற்கும் உருவம். காலருகே கெண்டியும் சிமிழும். மேலே வட்டெழுத்தில் சில வரிகள். அவ்வரிகள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஒரே செய்திதான்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னார் மாடுகளைக் கவர்ந்தபோது, மீட்கப் போய் இன்னான் பட்டான். அந்த அரசன் பெரும்பாலும் காஞ்சியில் வீற்றிருந்த பல்லவன். தன் ஊர்க் கால்நடைக்காகச் செத்த ஓர் இளைஞனின் மரண தேதியைக் குறிக்க, கண்ணாலேயே கண்டிராத காஞ்சி மன்னனின் ஆட்சியாண்டு பயன்பட்டிருக்கிறது.

இவற்றுள் எடுத்தனூர்க் கல்லுக்கு ஈடு இணையில்லை. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கும் முயற்சியில் கருந்தேவக்கத்தி என்பவன் உயிர்விட்டான். அவனுக்கெடுத்த கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும், அதன் பெயருடன், தனியே பொறிக்கப்பட்டிருக்கிறது. பகைவரைப் புள்ளலூரில் அழித்ததாகச் செப்பேடு பெருமை பேசும் அதே மகேந்திரவர்மனின் காலத்தில், அவன் ராஜ்யத்து மேற்கு மூலையில் ஒரு நாய்க்குக் கிடைத்த கௌரவம் இது. இரண்டில் எது பெரிய காரியம் என்று கேட்டால், நான் யோசியாமல் எடுத்தனூரின் பக்கம் சாய்வேன்.

இந்தக் கற்களை எண்ணும்போது, நினைவுக்கல் நிற்கும் வேறொரு கணவாயும் என் நினைவுக்கு வருகிறது. ஸ்பெயின் தேசத்தின் வடவெல்லையில், நவார்ரா என்னும் கரடுமுரடான பிராந்தியத்தில், ரொன்ஸெஸ்வாயெஸ் என்று உலகப் பிரசித்தி பெற்ற கணவாய் ஒன்று உண்டு. 778 ஆகஸ்டு 15-ஆம் தேதி, பம்ப்லோனா நகரத்து மதில்களை இடித்துவிட்டுத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த சார்லமேன் மன்னனின் பின்படையை, அந்த மலைவாசிகளான பாஸ்க்குகள் மேலிருந்து தாக்கி அழித்தார்கள். மாண்ட பிரபுக்களில் ஒருவனான ரோலானைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு பெருங்காவியமே எழுந்தது. அதில் தாக்கியவர்கள் பாஸ்க்குகள் என்பது மறைந்து, முஸ்லிம்கள் என்று மாறிப்போயிற்று. சந்தியாகோ யாத்திரிகர் கால்நடையாகவும் இக்காலத்தார் சைக்கிளிலும் 1,057 மீட்டர் உயரமுள்ள அக்கணவாயின் முகட்டை அடையும்போது, அவர்களை வரவேற்பது ரோலானின் நினைவுக்கல். தம் மலையைக் காத்தவர்கள் அங்கே பெயரற்றுப் போனார்கள், கடந்துசென்றவன் அமரனானான். நம் கணவாயில் கணக்கு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. அதைத் தேசாபிமானம் என்று பிறர் பரிகசித்தாலும் குற்றமில்லை.

மலைபடுகடாத்துக் கூத்தரும் இந்த வகைக் கற்களைக் கடந்தே போயிருக்கிறார்கள். கிளைத்துப் பிரியும் வழிகளில், வீரர்களின் பெயரெழுதி நட்ட கற்கள் நிற்கும், அவற்றைத் தொழுது யாழிசைத்துவிட்டுச் செல்லுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தத் தொழுகை இன்னும் நிற்கவில்லை. பல கிராமங்களில் நடுகல்லே வேடியப்பன் என்ற பெயரில் தெய்வமாகி, எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏற்றுக்கொண்டு, பொங்கலும் பலியும் பெற்று வாழ்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு எழுத்தை மூடுகிறதே என்று ஆராய்ச்சியாளர் வருந்துவது நியாயம். ஆனால் வேடியப்பன் என்று பெயர் வைத்திராவிட்டால் அந்தக் கற்களிற் பல, கிணற்றுக்குப் படியாகவும் வீட்டு வாசலில் துணி துவைக்கும் கல்லாகவும் முடிந்திருக்கும் என்பதையும் நினைக்கவேண்டும். பாதுகாப்புக்கென்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோன கற்கள் சௌக்கியமாக இருக்கின்றன; அவற்றின் முன் கற்பூரம் ஏற்ற மட்டும் ஆளில்லை. பூஜை நடக்கும் கல்லை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, ஊராரின் சம்மதத்துடன் ஒருமுறை துடைத்துப் படியெடுத்து, அதன் வாசகத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டிவிட்டு வருவதே மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்கப் போகிறவர்கள் செங்கத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்கவேண்டியிருக்கும், நடுகல் என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள், வேடியப்பன் கோயில் என்று கேட்டால் சிறுபிள்ளையும் கைகாட்டும்.