வீட்டுக்குள் ஒரு துவக்கு

துவக்கு என்றதும் எங்களில் பலருக்குச் சீருடையும் சோதனைச்சாவடியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் போருக்கு முன்பே குடாநாட்டில் சில வீடுகளில் துவக்கு இருந்தது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் எடுத்து, வருடாவருடம் அதைப் புதுப்பித்து, தோட்டக் காவலுக்கும் வேட்டைக்குமாக வைத்திருந்தார்கள்.

என் அம்மப்பாவிடமும் ஒரு சொட்கண் இருந்ததாம். எண்பதுகளில் இயக்கப் பெடியள் வீடுகளுக்கு வந்து அப்படியான துவக்குகளை வாங்கிக்கொண்டு போனபோது அதுவும் போயிற்று. அவருக்கு அது பெரிய மானக்கேடு. அம்மம்மாவின் கதை வேறு. "அது போன பிறகுதான் பிள்ளை நான் நிம்மதியா நித்திரை கொண்டனான். மனுசன் குடிச்சுப்போட்டு வந்து சத்தம் போட்டால், என்ரை கண் முதல் போறது சுவரிலை கொழுவிக் கிடக்கிற அதிலைதான்" என்பார். வீட்டிலுள்ள துவக்கு யாருக்குப் பாதுகாப்பு என்பதில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி நினைப்பதில்லை என்பதை நான் சமூகவியல் படிக்க முன்னரே அவரிடம் கேட்டறிந்தேன்.

அண்மையில் வடமராட்சியில் எங்கள் குழுவிலுள்ள ஓர் அக்கா கேட்டார். போரில் கணவரை இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகளுடன் தனியே இருக்கிறார். "வாள்வெட்டுக்காரருக்குப் பயந்து எத்தினை நாளைக்குத்தான் கிடக்கிறது? அமெரிக்காவிலை எண்டால் கடையிலை துவக்கு வாங்கலாமாம். எங்களுக்கு ஏன் தங்கச்சி ஏலாது?"

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்பது 1791இலேயே அரசியலமைப்பில் எழுதப்பட்ட உரிமை. அங்கே ஆட்களை விடத் துவக்குகள் அதிகம். 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 100 பேருக்கு ஏறத்தாழ 120. எங்கள் நாட்டில் அது உரிமையல்ல, அரசு தரும் அனுமதி. தந்த கை திருப்பியும் வாங்கும். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளைத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும்.

எங்கள் சொந்தங்கள் நிறையப்பேர் வாழும் சுவிஸ் இன்னொரு விதம். இராணுவப் பயிற்சி பெறும் இளைஞர்கள் தங்கள் துவக்கை வீட்டிலேயே வைத்திருக்கலாம். விடுமுறைக்கு வந்த ஒரு மாமி, ரயிலில் பக்கத்து இருக்கைப் பெடியன் துவக்கோடு இருந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். "எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது" என்றும் சொன்னார். அந்தத் துவக்குகளால் நடக்கும் தற்கொலைகளையும் குடும்பக் கொலைகளையும் காட்டி, அவற்றை வீட்டில் வைக்கக்கூடாது என்று பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து கேட்டன. 2011 பெப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. 56 வீதமானோர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். துவக்கு வீட்டிலேயே இருக்கிறது.

பிரித்தானியாவில் எதிர்மாறாக நடந்தது. 1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில், அனுமதிப்பத்திரத்துடன் கைத்துப்பாக்கிகள் வைத்திருந்த ஒருவன் 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அந்தப் பகுதித் தாய்மார் சிலர் தொடங்கிய மனுவில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். மறு வருடமே தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. பெரிய தலைவர்கள் யாரும் தொடங்கிய வேலையல்ல அது, மேசை போட்டு ஒப்பம் வாங்கிய பெண்களின் வேலை.

இவ்வளவையும் அக்காவுக்குச் சொன்னேன். வன்னியில் பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு விறகுக்குப் போனவர்களின் காலைப் பறித்ததையும் சொன்னேன். வீட்டில் துவக்கு இருந்தால் அதை முதலில் எடுக்கப்போவது திருடனா, குடித்துவிட்டு வரும் உறவுக்காரனா, மனமுடைந்த பிள்ளையா என்றும் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "சரி, துவக்கு வேண்டாம். இரவிலை ஆரும் கதவைத் தட்டினால் ஆர் வருவினம்?" என்றார்.

அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை. அந்த ஒழுங்கையிலுள்ள ஆறு வீட்டுப் பெண்களும் தொலைபேசி இலக்கங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். பொலிஸின் 119ஐயும், பெண்களுக்கான 1938ஐயும் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதினார்கள். தெருவிளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தோம். மூன்று கேட்டதில் ஒன்று பூட்டியிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் அக்காதான் இப்போது அலைகிறார்.