அப்பன் சொத்தும் அடுக்கி வச்ச தட்டும்

இன்டர்வியூ எடுக்குறப்போ 'இன்ஹெரிட்டன்ஸ்னா என்னப்பா?'ன்னு கேட்டா வர்ற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்: "அப்பா சொத்து பையனுக்கு வர்ற மாதிரி சார்." காலேஜ்ல எங்களுக்கும் இதைத்தான் சொன்னாங்க. மகா மட்டமான உதாரணம் மக்கா.

பையன் அப்பாவுல ஒரு வகை கிடையாது. நாய் விலங்குல ஒரு வகை. ஒரு கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்றப்போ, 'அவர் நிக்க வேண்டிய எந்த இடத்துலயும் நான் நிப்பேன்'னு வாக்கு குடுக்குறோம். கோடு ஓசியில கிடைக்கிறதெல்லாம் அப்புறம். பார்பரா லிஸ்கோவ் அம்மா 1987-லயே இதைச் சொல்லிட்டாங்க.

இந்த வாக்கைக் காப்பாத்தலைன்னா என்ன ஆகும்? ஜாவாவுக்குள்ளயே சாட்சி இருக்கு. ஸ்டாக்ங்கிறது மெஸ்ல கழுவி அடுக்கின தட்டு மாதிரி. மேல வைக்கணும், மேலேர்ந்து எடுக்கணும், அவ்ளோதான். 1996-ல வந்த முதல் ஜாவாவுலயே இதை வெக்டார்லேர்ந்து எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாங்க. வெக்டார்ல எந்த இடத்துலயும் சொருகலாம், உருவலாம். அத்தனையும் ஸ்டாக்குக்கும் வந்துடுச்சு. அடித்தட்டுக்குக் கீழ ஒரு தட்டைச் சொருகிப் பாருங்க, கம்பைலர் மூச்சு விடாது!

அப்பன் சொத்து வேணாம்னா மகன் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடலாம். கிளாஸுக்கு அந்த வசதி இல்லை. அப்பன் பப்ளிக்னு வச்ச மெத்தடைப் பிள்ளை பிரைவேட் ஆக்கினா கம்பைலர் அடிக்க வரும். (ஓவர்ரைட் பண்ணி எக்செப்ஷன் எறியலாம்தான். அது கடன்காரன் வந்தா 'வீட்ல இல்லை'ன்னு சொல்ற கதை.)

இதைவிடக் கூத்து ப்ராப்பர்டீஸ் கிளாஸ். (பேரே சொத்து பாருங்க!) ஸ்ட்ரிங் மட்டுமே வச்சுக்க வேண்டிய ஆள். ஹேஷ்டேபிளோட வாரிசா போனதால எதை வேணா உள்ள போடலாம். ஃபைல்ல சேமிக்கப் போறப்போதான் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன்னு வெடிக்கும். 2017-ல ஜாவா 9 வந்தப்போ, உள்ளுக்குள்ள தனியா ஒரு கன்கரண்ட் ஹேஷ்மேப் வச்சு டேட்டா எல்லாத்தையும் அங்க மாத்திட்டாங்க. அப்பன் வீட்டுல இப்போ ஒரு சாமான்கூட இல்லை, ஆனா இனிஷியல் மட்டும் அதேதான். எடுக்க முடியாது. அதை ஹேஷ்டேபிள்னு நம்பி எழுதின கோடு உலகம் பூரா கிடக்கே.

எங்க புராஜெக்ட்லயும் அர்ரேலிஸ்ட்டை எக்ஸ்டெண்ட் பண்ணின ஆர்டர் லிஸ்ட் ஒண்ணு இருக்கு. எழுதின புண்ணியவான் எப்பவோ வேற கம்பெனி போயாச்சு. மூணு டீம் அதை அர்ரேலிஸ்ட்டாவே நெனச்சு நேரா கை வைக்குது. மொத்தத் தொகை தப்பா வருதுன்னு ராத்திரி பதினோரு மணிக்கு போன் வர்றது மட்டும் எனக்கு.

நான் பண்றது இதுதான். லிஸ்ட் வேணும்னா கிளாஸுக்குள்ள ஒரு பிரைவேட் ஃபீல்டா வச்சுக்குவேன். தேவையான நாலு மெத்தடை மட்டும் வெளிய காட்டுவேன். கூட பத்து வரி அடிக்கணும், அடிச்சிட்டுப் போறேன் :-)