ரோசாப்பூ அக்காவின் மரத்தூள் அடுப்பு

எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால், மாமரத்தின் கீழே ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் ஓர் ஓட்டை. உட்புறம் கரி பிடித்துக் கறுத்துப் போயிருக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் வரும்போதெல்லாம் வாப்பா அதைக் கொடுத்துவிடப் பார்ப்பார். உம்மம்மா விடமாட்டார். "அது ஒரு மனுசி எனக்குத் தந்த சாமான்" என்பார். உண்மையில் தகரம் எங்களுடையதுதான். அந்த மனுசியை நாங்கள் ஒருநாளும் நேரில் கண்டதும் இல்லை.

2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு வந்தது. மே 23ஆம் திகதி எனக்குச் சாதாரண தரப் பரீட்சை. அந்த நேரம் பார்த்து எங்கள் காஸ் சிலிண்டரும் முடிந்துபோனது. 2,675 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆகியது. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. வாப்பா சுபஹ் தொழுதுவிட்டுப் போத்தலோடு போனால் லுஹருக்கும் வரமாட்டார்.

அந்த வரிசையில் நின்ற யாரோ ஒரு தம்பி, எல்லோருடைய இலக்கங்களையும் சேர்த்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார். லொறி வந்தால் அறிவிப்பதற்காகத் தொடங்கிய குழு அது. அதில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒருவருடைய படத்தில் முருகன், இன்னொருவருடையதில் மாதா, வேறொருவருடையதில் மோட்டார் சைக்கிள். வாப்பா இரவில் களைத்து உறங்கிய பிறகு, அவருடைய போனில் வந்தவற்றை நான் உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

முதலில் எங்களை அந்தக் குழுவோடு ஒட்ட வைத்தது பகிடிதான். "இண்டைக்கு வரிசையில நிண்டு ஒரு கலியாணமே பேசி முடிச்சிட்டம். மாப்பிள்ளையின்ர நம்பர் 143, பொம்பிளையின்ர தகப்பன் 144. சீதனம் ரெண்டு லீற்றர் மண்ணெண்ணெய்" என்று ஒருவர் எழுதினார். உம்மம்மா சிரித்த சிரிப்பில் வாப்பா திடுக்கிட்டு எழும்பிவிட்டார். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஒருநாள் வாப்பா குழுவில், "நோன்பு காலம். சஹருக்குச் சமைக்க வழி இல்லை. விறகும் ஈரமாக இருக்கிறது. யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. ரோசாப்பூப் படம் வைத்திருந்த ஒரு பெண்ணின் குரல். வயதானவர் என்பது கேட்டவுடனே விளங்கியது.

"தம்பி, ஒரு பெரிய தகரம் எடுங்கோ. கீழ பக்கத்தில ஒரு ஓட்டை போடுங்கோ. நடுவில ஒரு போத்தலை நிமித்தி வையுங்கோ. ஓட்டைக்குள்ளால ஒரு தடியை அந்தப் போத்தலில முட்டுற மாதிரி விடுங்கோ. பிறகு மரக்காலையில மரத்தூள் வாங்கி, சுத்திவர நல்லா இறுக்கி அடையுங்கோ. போத்தலையும் தடியையும் மெதுவா இழுத்தெடுத்தால் புகைபோக்கி மாதிரி ஒரு துவாரம் வரும். கீழால நெருப்பு மூட்டுங்கோ. மணிக்கணக்கா நிண்டு எரியும். வீட்டுக்குள்ள மட்டும் வைக்காதேங்கோ, புகை ஆளைக் கொண்டுபோடும்."

அடுத்த நாள் நானும் உம்மம்மாவும் செய்து பார்த்தோம். போத்தலை இழுத்ததும் மரத்தூள் பொலபொலவென்று சரிந்து விழுந்தது. வாப்பாவின் போனில் நானே எழுதினேன். உடனே பதில் வந்தது: "இறுக்கினது காணாது பிள்ளை. உனக்குப் பிடிக்காத பாடத்தை நினைச்சுக்கொண்டு இடி." நான் கணக்குப் பாடத்தை நினைத்துக்கொண்டு இடித்தேன். அன்று சஹருக்கு அந்த அடுப்பில் சோறு வெந்தது.

அதன்பிறகு ரோசாப்பூ அக்கா எங்கள் வீட்டில் ஒருவர் போல ஆகிவிட்டார். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரியை நிறுத்தி விளக்குச் செய்யும் முறையையும் அவர்தான் சொல்லித் தந்தார். போத்தலின் சுவர் காற்றை மறித்துவிடும். கொஞ்ச எண்ணெய் நெடுநேரம் எரியும். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட கதையையும் சொன்னார். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத ஆண்டுகளில் எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்தார்களாம்.

ஒரு நாள் அவர் வெகு சாதாரணமாகக் கேட்டார்: "உதெல்லாம் அப்ப இஞ்ச இருந்த எல்லாருக்கும் தெரியுமே அக்கா. நீங்கள் அந்த நேரம் எங்க இருந்தனீங்கள்?"

நான் அதை வாசித்ததும் உம்மம்மா பேசாமல் இருந்துவிட்டார். தஸ்பீஹ் மணிகள் அவருடைய விரல்களில் நின்றுபோயின. வெகுநேரத்துக்குப் பிறகு, "போனைத் தா, நான் பேசுறன்" என்றார்.

"தங்கச்சி, நாங்கள் சோனகத் தெரு ஆக்கள். 90ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களை ரெண்டு மணித்தியாலத்தில ஊரை விட்டுப் போகச் சொன்னவங்க. நீங்கள் ஜாம் போத்தல் விளக்குக் கொளுத்தின காலத்தில நான் புத்தளத்தில கிடுகுக் கொட்டிலில இருந்தன். அதுதான் எனக்கு இந்த வேலை ஒண்டும் தெரியாது" என்று சொல்லிப் பதிவை அனுப்பினார்.

அன்று முழுவதும் அந்தக் குழுவில் யாரும் பகிடி எழுதவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று உம்மம்மாவும் தவித்தார். மறுநாள் காலை ரோசாப்பூ அக்காவின் குரல் வந்தது. முதல்முறையாக அந்தக் குரலில் தடுமாற்றம் இருந்தது.

"அக்கா, நீங்கள் போன பிறகு கனகாலம் நான் அந்தத் தெருவால போகேல்லை. சுத்தித்தான் சந்தைக்குப் போறனான். பூட்டிக் கிடந்த வீடுகளைப் பாக்க ஏலாது. உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறது எண்டு இவ்வளவு நாளும் ஆருமில்லாமல் இருந்தது." சிறிது நேரம் மௌனம். பிறகு, "சரி, விட்டுப்போன பாடங்களை இப்ப ஒண்டொண்டாப் படிப்பிக்கிறன். மரத்தூள் அடுப்பு முதலாம் வகுப்பு. நீங்கள் பாஸ்."

உம்மம்மா அழுதுகொண்டே சிரித்தார். அன்றுதான் புத்தளத்துக் கதை ஒன்றை எனக்கு முதல்முறையாகச் சொன்னார். அகதியாகப் போய் இறங்கிய முதல் வாரத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருவர் சோற்றுப் பார்சலோடு வந்தாராம். மணலில் அடுப்புக்கல் சரியாமல் இருக்க, அதைப் பாதியளவு புதைத்து வைக்கப் பழக்கினாராம். போகும்போது, "உங்களுக்கு மேலயும் கிடுகு, எங்களுக்கு மேலயும் கிடுகு. மழை வந்தா சேர்ந்தே நனைவோம்" என்று சொல்லிச் சிரித்தாராம். அவருடைய பெயரையும் உம்மம்மா கேட்டு வைக்கவில்லை. "என்ர வாழ்க்கையில ரெண்டு தரம் அடுப்பு அணைஞ்சது. ரெண்டு தரமும் மூட்டித் தந்தது பேர் தெரியாத மனுசிகள்" என்றார்.

முகம் தெரியாதவர்களோடு போனில் பேசுவதைப் பற்றிப் பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். அந்தக் குழுவிலும் பொய்ச் செய்திகள் வந்தன. "லொறி வருகிறது" என்ற ஒரு வதந்தியால் வாப்பா ஒரு நாள் முழுவதும் வெயிலில் நோன்போடு நின்று வெறுங்கையோடு திரும்பினார். அதனால் ஒரு செய்தியை இரண்டு பேராவது உறுதிப்படுத்தும்வரை நம்புவதில்லை என்று முடிவு செய்தோம். எங்கள் பெயரையோ முகவரியையோ படத்தையோ யாருக்கும் கொடுக்கவில்லை. போன் எப்போதும் கூடத்தில் எல்லோர் முன்னாலும்தான் இருந்தது. கதவில் தாழ்ப்பாள் இருப்பது திருடனுக்காக. அதற்காக விருந்தாளியை வெளியிலேயே நிறுத்திவிட முடியாது அல்லவா?

ஜூலை மாதம் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. வரிசைகள் மெல்லக் குறைந்தன. காஸும் கிடைக்கத் தொடங்கியது. குழுவில் செய்திகள் குறைந்து, ஒருநாள் ஓய்ந்தே போயின. ரோசாப்பூ அக்கா கடைசியாக எழுதியது ஒரே வரி: "இனி என்னைத் தேடுற நிலைமை உங்களுக்கு வரக்கூடாது."

எனக்குக் கணக்கில் நல்ல பெறுபேறு கிடைத்தது. அதைச் சொல்ல அவருடைய இலக்கத்தைத் தேடியபோது அது பாவனையில் இல்லை. உம்மம்மா மாத்திரம் ஒவ்வொரு நோன்புக்கும் அந்தத் தகரத்தைக் கழுவி, வெயிலில் காய வைத்து, மறுபடியும் மாமரத்தின் கீழே வைக்கிறார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அடுத்த தரம் ஆருக்கு அடுப்பு அணையுதோ தெரியாது. அப்ப நாங்கள் சொல்லிக் குடுக்க வேணுமே" என்றார்.