பழவேற்காட்டு ஓலை

பொங்கலுக்கு வாசலில் கட்டிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் மாசி பிறப்பதற்குள் வெளுத்து உதிர்ந்துவிட்டது. திருவொற்றியூரில் எங்கள் வீடு தெருவை ஒட்டியது. நாள் முழுதும் கண்டெய்னர் லாரி போகும், தூசி ஓயாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே தெரு, அதே தூசிதான். ஆனால் அவர் வீட்டுச் சுவரில் ஒரு நூலில் தொங்கும் பனையோலை மீன்கள் அவர் கல்யாணமாகி வந்த வருஷம் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. நாளாகித் தேன் நிறமாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு முனைகூடப் பிரியவில்லை. அவர் பிறந்த ஊர் பழவேற்காடு. "நேர்ல வந்து பாரேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார்.

கும்மிடிப்பூண்டி வண்டி. தீப்பெட்டி ஆலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர், பிறகு கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு. ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிகளும் மின்கம்பிகளும். மீஞ்சூர் தாண்டித்தான் வரப்போரம் பனை தெரிய ஆரம்பித்தது. பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடித்தோம். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, துணியைக் கப்பலேற்றிய ஊர் பழவேற்காடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் போனது அதற்கல்ல.

இங்கே ஓலை முடைபவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். பட்டறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. வீட்டுக் கூடம்தான் பட்டறை. சோறு வடித்த பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தொழுகைகளுக்கு நடுவில் நடக்கிற வேலை. அக்காவின் பெரியம்மா பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய ஓலைக்கட்டு.

முற்றிய ஓலை இதற்கு ஆகாது. விரியாத குருத்தோலைதான் வேண்டும். அதை விரித்து வெயிலில் போட்டால் பச்சை போய்த் தந்த நிறம் வரும். நடு ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் வகிர வேண்டும். பெரியம்மா அளவுகோல் எதுவும் வைத்திருக்கவில்லை. கத்தி நுனியைக் கட்டைவிரல் நகத்தில் அண்டக் கொடுத்து இழுத்தார். பத்து இழையும் ஒரே அகலம். நிறம் வேண்டுமானால் கொதிக்கும் சாயத்தில் முக்கி நிழலில் உலர்த்துவார்கள். பிறகு மறுபடி ஈரம் காட்டித்தான் முடைய வேண்டும். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடியும், ஈரம் அதிகமானால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பதம் விரலுக்குத்தான் தெரியும் என்றார்.

என்னிடமும் இரண்டு இழை கொடுத்தார். மீனின் வால் வரைக்கும் வந்தேன். விளிம்பைத் திருப்பி உள்ளே சொருகும்போது ஓலை என் விரலைக் கீறிவிட்டது. "ஓலைக்கு வாள் மாதிரி விளிம்பு, கண்ணு" என்று என் கையை வாங்கிப் பார்த்தார். அவருடைய இரண்டு ஆள்காட்டி விரல்களும் காய்ப்புக் காய்ச்சி வழவழப்பாக இருந்தன. பசை கிடையாது, ஆணி கிடையாது. ஓர் இழையின் முனை இன்னோர் இழைக்கடியில் புகுந்து அதுவே பூட்டாகிறது. பிளாஸ்டிக் தோரணம் பசை விட்டு உதிர்ந்துபோன இடத்தில் அக்கா வீட்டு மீன் ஏன் நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

கிளி, மீன், கிலுகிலுப்பை, தோரணம், மூடி போட்ட பெட்டி. கல்யாணச் சீருக்கென்று முடைகிற பெட்டிகள் தனி அழகு. மூடிமேல் இரண்டு சாயத்தில் கட்டம் ஓடும். ஒரு தோரணமும் நான்கு மீனும் எடுத்துக்கொண்டு விலை கேட்டேன். அவர் சொன்ன தொகை பாரிமுனையில் பிளாஸ்டிக் தோரணம் வாங்கிய தொகையை ஒட்டித்தான் இருந்தது. பழக்கதோஷத்தில், கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டுவிட்டேன். பெரியம்மா கோபப்படவில்லை. "ஓலைக்கும் சாயத்துக்கும்தான் கேக்குறேன். கைக்குக் கேட்டா யாரும் வாங்க மாட்டாங்க" என்றார்.

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. குறைந்த செலவில் கைவேலைப் பொருள் என்று நாம் சந்தோஷமாகச் சொல்கிறோமே, அந்தக் குறைந்த செலவு இப்படித்தான் வருகிறது. ஒரு பெண்ணின் மத்தியான நேரம் முழுவதும் கணக்கில் ஏறாமலே போகிறது. செட்டிநாட்டு ஓலைக்கூடையான கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து, ஊர்ப்பெயரும் சேர்ந்தே விற்கிறது. பெரியம்மா முடைந்து அனுப்பும் பெட்டியில் ஊர்ப்பெயர் எழுதுவாரில்லை. நகரத்துக் கடையில் அதே பெட்டி எத்தனை மடங்குக்கு விற்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. இது அநியாயம்.

ஓலையும் முன்போலக் கிடைப்பதில்லை. குருத்து வெட்டித் தர மரமேறுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பது முடைகிற பெண்களின் முதல் கவலை. பனை நம் மாநில மரம். 2021இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் தருவதாகவும், பனையை வெட்ட கலெக்டரின் அனுமதி கட்டாயம் என்றும் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் இன்று போட்ட விதை வளர்ந்து பெரியம்மாவின் பேத்திக்குத்தான் ஓலை தரும். அந்தப் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், முடையக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, கைக்கென்று கொஞ்சம் சேர்த்து வைத்தேன். அதை வாங்க மறுத்து, பதிலுக்கு ஒரு கிளியைப் பையில் போட்டார்.

நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். பேரம் பேசாதீர்கள். வாங்கி வந்த ஓலையைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். தூசி படிந்தால் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் இளவெயிலில் வையுங்கள். அக்கா வீட்டு மீனுக்கு அவர் இத்தனை வருஷமாகச் செய்வது அவ்வளவுதான்.