முன்னோர் பெயர் தேடி: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை

நம்மவருட் பலர் பாட்டனார் பெயரைத் தயங்காது சொல்வர். பூட்டனார் பெயரைக் கேட்டாற் சிறிது யோசிப்பர். அதற்கு மேலே கேட்டால், “பழைய ஆட்களைத்தான் விசாரிக்க வேண்டும்” என்பர். அப்பழைய ஆட்களோ ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். பேரப்பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் வளர்கின்றனர். தன் குடும்பத்தின் வரலாற்றை அறிய விரும்பும் ஒருவன் எங்கெங்கே செல்லவேண்டும், அங்கங்கே எதனைக் காணலாம் என்பதனைச் சென்ற விடுமுறையில் யான் போய்வந்த வழியே நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

பயணத்தின் முதற் படி வீட்டுப் பெட்டகமே. அதன் அடியிற் கிடக்கும் காணி உறுதிகளைப் பலர் வழக்கு வந்தாலன்றி விரித்துப் பார்ப்பதில்லை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்தளித்த தேசவழமை, நமது சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துரைக்கின்றது. சீதனம் தாய்வழியாக மகளுக்குச் செல்வது. ஆகவே, தந்தை பெயரின் முதலெழுத்தை மாத்திரம் சுமந்துவரும் நம் பெயர்களில் மறைந்துபோன பாட்டியும் பூட்டியும் சீதன உறுதிகளில் இன்றும் வாழ்கின்றனர். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்ன காணியிற் பங்குடையவள் என்று ஒரு பெண்ணின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். நான்கு எல்லைகளுக்கும் உரியவர் யாரெனவும் அதிற் காணலாம். ஒரே வளவு பிள்ளைகளுக்குள்ளே பங்கிடப்பட்டு வந்தமையால், அவ்வெல்லைக்காரர் பெரும்பாலும் இனத்தவராகவே இருப்பர்.

உறுதிக்கு அடுத்தபடியாக உதவுவது அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் நினைவு மலர். ‘கல்வெட்டு’ என்று நம்மூரிற் சொல்லப்படும் இச்சிறு நூலில் இறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள், மருமக்கள், பேரர் யாவரும் நிரல்பட வருவர். புகழுரை சற்று மிகையாக இருப்பினும் உறவுமுறை பெரும்பாலும் பிழைபடாது. படித்துப் பார்ப்போர் உறவினரல்லரோ!

யாழ்ப்பாண நகரத்திலே தேடுவோனுக்கு முதலில் எதிர்ப்படுவது இழப்பே. கோட்டைக்குள் 1706ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் உள்நாட்டுப் போரில் இடிந்து கற்குவியலாயிற்று. 1981ஆம் ஆண்டில் எரிக்கப்பட்ட பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது, ஏடுகள் மீளவில்லை. ஒரே பிரதியை ஓரிடத்தில் வைத்திருத்தல் ஆகாது என்னும் பாடத்தை அத்தீ நமக்குக் கற்பித்தது. 2005ஆம் ஆண்டு முதல் நூலக நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் எண்ணிமப் படிகளாக்கி இணையத்தில் வைத்துவருவது இவ்வகையிற் பெருந்தொண்டாகும்.

இனிக் கொழும்புக்குச் செல்வோம். புறக்கோட்டையின் சந்தடியைக் கடந்து மேடேறினால் வுல்பெண்டால் தேவாலயம் தோன்றும். 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட இவ்வாலயம் சிலுவை வடிவினது; சுவர்கள் கோட்டை மதில் போன்ற தடிப்பின. 1813ஆம் ஆண்டில் கோட்டைத் தேவாலயத்திலிருந்து கொணரப்பட்ட கல்லறைக் கற்கள் இங்குத் தளமாகப் பதிக்கப்பட்டுள்ளன. பெயரும் ஆண்டும் குலச்சின்னமும் செதுக்கிய அக்கற்களின்மேல் நடப்பது ஒரு குடும்ப ஏட்டினைப் புரட்டுவது போலாம். கொழும்பு மாவட்டத்து ஒல்லாந்தத் திருச்சபையின் 1677 முதலான பதிவுகளை அமெரிக்கப் ‘பமிலி சேர்ச்’ நிறுவனம் படம்பிடித்து இணையவழி தேட வகைசெய்திருக்கின்றது.

அங்கிருந்து கொழும்பு ஏழிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தை அடைந்தால், 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்த அரசாங்க ஏடுகள் காக்கப்பட்டிருப்பதை அறியலாம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சுவடிகளை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தபோது இலங்கையிலுள்ளவையும் அவற்றுள் அடங்கின.

இங்கே குடும்ப வரலாற்றுக்கு உயிராக உள்ளது தோம்பு. பதிவேடு எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல் இது. இறையும் ஊழியமும் பெறுதற்பொருட்டே ஒல்லாந்தர் காணிகளையும், அவற்றை ஆண்ட குடும்பத்தாரையும் எழுதிவைத்தனர். நம்மை நினைந்து எழுதாவிடினும் நமக்கென்றே எழுதியது போலாயிற்று. ஆயினும், எல்லா ஊருக்கும் எல்லா ஆண்டுக்கும் தோம்பு கிடைக்குமென்று எண்ணிச் செல்லுதல் கூடாது. மொழி ஒல்லாந்தம், எழுத்துப் பழைய கையெழுத்து, நம் பெயர்களோ எழுதுவினைஞரின் காதில் விழுந்தவாறு உருமாறி நிற்கும். பிறப்பும் விவாகமும் பதிவு பெறுதற்பொருட்டு ஞானஸ்நானம் பெற்ற சைவர்கள் திருச்சபை ஏட்டில் வேறு பெயருடன் இருத்தலுங் கூடும். ஆதலால், ஆளின் பெயரைக்கொண்டு தேடுவதினும் காணியின் பெயரைக்கொண்டு தேடுவது நன்று. மனிதர் பெயர் மாறினும் வளவின் பெயர் எளிதில் மாறுவதில்லை. வீட்டு உறுதியைப் படியாதவன் சுவடிக்கூடத்தின் வாயிலில் நின்று திகைப்பான்.

இத்துறையில் நமக்கு முன்னோடிகள் பறங்கியர். அரசாங்கச் சுவடிக் காப்பாளராயிருந்த ஆர். ஜி. அந்தோனிஸ் 1908ஆம் ஆண்டில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் சஞ்சிகை குடும்பம் குடும்பமாக வம்சாவழிகளை அச்சிட்டு வந்தது. பின்னாளிற் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோதும் வேர் தெரிந்தவராகவே சென்றனர். அவர்களிடம் நாம் கற்கவேண்டியது முறையாகும்: ஒவ்வொரு பெயருக்கும் சான்று, சான்றில்லாப் பெயருக்கு வெற்றிடம்.

முன்னோர் பெயரைத் தேடுவது ஓய்ந்திருப்போரின் பொழுதுபோக்கென நினைப்பவர் மலையகத்தை எண்ணிப் பார்ப்பாராக. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்த ஒருவனிடமும் தந்தையாவது, அன்றேற் பாட்டனும் பூட்டனுமாவது இங்குப் பிறந்தவரென்னும் நிபந்தனையை வைத்தது. பிறப்பு, இறப்புக்களை அரசாங்கம் பதியத் தொடங்கியதோ 1867இலேதான். லயத்து அறையிற் பிறந்த பூட்டனுக்குப் பத்திரம் எங்கே? தேயிலையை வளர்த்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியை அவர்களினும் அறிந்தவர் யார்?

ஒன்று கூறி முடிப்பேன். தோம்பு சாதியையும் எழுதும். குலப்பெருமை காட்டுதற்கென்று தேடப் புகுவோர், தமக்கு உவப்பான பெயரை வைத்துக்கொண்டு உவப்பில்லாததை மறைப்பர். அவர் எழுதுவது வரலாறு ஆகாது. உள்ளதை உள்ளபடி எழுதத் துணிவோரே தேடுக. கொழும்புக்குப் புகைவண்டி நாளையும் போகும். சுவடிக்கூடம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். திண்ணையிலிருக்கும் ஆச்சி அறிந்த பெயர்களுக்கோ வேறு பிரதி இல்லை. இன்று மாலையே ஒரு கொப்பியும் பேனாவுமாக அவர் அருகில் உட்காருங்கள். அவருடைய தாயின் பெயரை முதலிற் கேளுங்கள்.