ஏழு பல் நவாஹா

வீட்டுக்காரம்மா அந்தக் கத்தியை என் கையில் தரவில்லை. சமையலறை மேசையில் வைத்து விரலால் என் பக்கம் தள்ளினார். எங்கள் ஊரிலும் கத்தி, கத்தரிக்கோலைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

"இதை வித்துக் குடு, ஈஹோ. உனக்குத்தான் போன்ல எல்லாம் தெரியுதே."

ஈஹோ என்றால் மகனே. மாட்ரிட்டில், லாவாபியெஸ் பகுதியில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் அவர் வீட்டின் ஓர் அறையில்தான் நான் அப்போது வாடகைக்கு இருந்தேன். எதற்காக விற்கிறார் என்பதை அவர் மறைக்கவில்லை. பல்செட். ஸ்பெயினில் அரசு மருத்துவம் இலவசம்தான், ஆனால் வயதானவர்கள் பல் கட்டுவதற்குக் கைக்காசுதான் போடவேண்டும். அவருடைய கீழ்ப்பல்செட் இரண்டாக உடைந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. ரொட்டியின் ஓரத்தை அவர் கடிப்பதை நிறுத்தி ஆறு மாதம் இருக்கும்.

மடக்குக்கத்தியை ஸ்பானிய மொழியில் நவாஹா என்பார்கள். அதற்குப் பேர்போன ஊர் அல்பசேத்தே. ஒருகாலத்தில் அந்த ஊர் ரயில் நிலையத்தில், இடுப்புப் பட்டையில் கத்திகளைச் செருகிக்கொண்டு வியாபாரிகள் பயணிகளிடம் விற்பார்கள். இன்று அங்கே கத்திக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவின் கணவர் அந்தப் பக்கத்து கிராமத்துக்காரர். செப்டம்பர் 7 முதல் 17 வரை அல்பசேத்தேயில் நடக்கும் திருவிழாச் சந்தையில், மாட்ரிட்டுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய வருடம் அதை வாங்கினாராம். அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

காளைக்கொம்புப் பிடி, மீன் மாதிரி வளைந்திருக்கும். இரண்டு முனையிலும் பித்தளை. திறக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம். தகட்டின் அடிப்பாகத்தில் பற்கள் வெட்டியிருக்கும், பிடியின் முதுகில் உள்ள வில் ஒவ்வொரு பல்லாக விழுந்து எழும்போது வரும் சத்தம் அது. அதற்குப் பெயர் கர்ராக்கா. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் கோயில் மணிக்குப் பதிலாகச் சுழற்றும் மரக் கிலுகிலுப்பைக்கும் அதே பெயர்தான். ஏழு வில் கத்தி என்று பேச்சில் சொல்வார்கள். உள்ளே இருப்பது ஒரே வில், ஏழு பல்.

சேகரிப்பாளர்கள் இந்தச் சத்தத்துக்குத்தான் மயங்குகிறார்கள். இருட்டுச் சந்தில் எதிராளிக்குக் கேட்கட்டும் என்று மெதுவாகத் திறப்பார்கள் என்றெல்லாம் கதை உண்டு. 1849இல் மாட்ரிட்டில் நவாஹாச் சண்டைக்கு ஒரு கையேடே அச்சாகியிருக்கிறது. 1875இல் பாரிஸில் அரங்கேறிய 'கார்மென்' ஆபெராவுக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்கும் இந்தப் பித்து பிடித்துக்கொண்டது. சில தகடுகளில், இந்தப் பாம்பு கடித்தால் மருந்துக்கடைப் பக்கம் போகாதே என்கிற பொருளில் வாசகம்கூட வெட்டியிருக்கும். எங்கள் கத்தியில் வாசகம் எதுவும் இல்லை. அது ரொட்டி, வெங்காயம், ஆரஞ்சு, சோரிஸோ தவிர வேறு எதையும் வெட்டியதில்லை. தகடு முழுக்கக் கருநீலமும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தக் கருப்பில்தான் நான் கைவைத்தேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முதல்நாள் அரிவாள்மனை, ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டித் தேய்ப்போம். புளி, செங்கல்பொடி, அப்புறம் உப்புத்தாள். முகம் தெரிகிற அளவுக்கு வந்தால்தான் அப்பா சந்தனம் வைப்பார். பழக்கதோஷம். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு, மேலே பாலிஷும் போட்டேன். வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலோரம் வைத்துப் பத்துப் படம் எடுத்தேன். இதே மாதிரிக் கத்திகள் போகும் விலையைப் பார்த்து, 250 யூரோ வரும் என்று அவரிடம் சொல்லியும்விட்டேன். அவர் அன்றே பல் டாக்டருக்கு போன் போட்டார்.

ஞாயிறு காலைகளில் பிளாஸா மயோரின் வளைவுகளுக்குக் கீழே நாணயம், தபால்தலை விற்பவர்கள் மேசை போடுவார்கள். அங்கே படங்களை மட்டும் கொண்டுபோனேன். கத்தியைக் கொண்டுபோக முடியாது. 1993ஆம் வருட ஆயுத விதிகளின்படி, தகடு 11 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அலங்காரத்துக்கும் சேகரிப்புக்கும் என்று வீட்டுக்குள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். எங்களுடையது 14. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருக்கிறவனுக்கு அந்த மூன்று சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

ஒரு நாணயக்காரர் நவாஹா சேகரிக்கும் ஒரு பெரியவரின் நம்பரைக் கொடுத்தார். போனிலேயே கேள்விகள். கொம்பில் விரிசல் உண்டா? திறந்து பிடித்தால் தகடு ஆடுகிறதா? சாணை பிடித்துப் பிடித்து அகலம் குறைந்திருக்கிறதா? முத்திரை யாருடையது? பழைய நவாஹாக்களில் நிறைய பிரான்ஸின் தியேர் ஊரில் செய்து ஸ்பெயினுக்கு வந்தவை என்பதால் முத்திரை பார்க்காமல் அவர் பேசவே மாட்டாராம்.

நேரில் வந்தார். மூச்சு வாங்க நான்கு மாடி ஏறி, உட்கார்ந்து, லென்ஸை எடுத்தார். வெகுநேரம் பேசவில்லை.

"யார் இதைத் தேய்ச்சது?"

"நான்தான்."

முத்திரையில் பாதி எழுத்து போயிருந்தது. என் உப்புத்தாள்தான். தகட்டின் கருப்பு போனதை இன்னும் முப்பது வருடம் பழம் நறுக்கினால் திரும்பக் கொண்டுவரலாம், எழுத்தை எப்படிக் கொண்டுவருவது என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தொடாமல் விட்டிருந்தால் 250 கொடுத்திருப்பேன், இப்போது 180 என்றார்.

பிறகு கத்தியைத் திறந்தார். மெதுவாக, ஒவ்வொரு பல்லாக. வீட்டுக்காரம்மா, எனக்குப் பார்க்கவேண்டாம் என்று சமையலறைக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஏழாவது சத்தம் விழுவதற்குள் அங்கே குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. "விக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க" என்று உள்ளே போய்க் கேட்டேன். "எனக்குப் பல்லுதான் வேணும், போ" என்றார். கை ஈரத்தைத் துடைக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

பெரியவர் பணத்தை மேசையில் எண்ணி வைத்துவிட்டு, விடைபெறச் சமையலறைக்குப் போனார். இரண்டு பேரும் லா மாஞ்சாக்காரர்கள் என்று தெரிந்ததும் பேச்சு நீண்டது. நான் அதற்குள் என் அறைக்குப் போய், என்னிடமிருந்து 70 யூரோ எடுத்து உறையில் சேர்த்துவிட்டேன். மொத்தம் 250. அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இரவு சூப் ஊற்றும்போது மட்டும் சொன்னார்: "அந்தக் கரகர கேட்டாத்தான் நான் பானையைத் தூக்கிட்டு வருவேன். கூப்பிடவே மாட்டார் மனுஷன்."

பல்செட் வந்தது. முதல் வாரம் அதைப் போட்டுக்கொண்டு பேசினால் விசில் அடித்தது, எனக்கும் அவருக்கும் ஒரே சிரிப்பு.

வாடகையை அவர் ஒரு கட்டம் போட்ட நோட்டில் எழுதுவார். தேதி, தொகை, பக்கத்தில் என் கையெழுத்து. அந்த மாதம் நோட்டை நீட்டியபோது தொகையில் 70 குறைத்து எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ரொட்டியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.